அவர்களே தேர்ந்தெடுக்கட்டும்

ஒரு சனிக்கிழமை காலையைக் கற்பனை செய்து பாருங்கள். மார்சிலிங்கில் உள்ள ஓர் அடுக்குமாடி வீட்டிலிருந்து ஒரு தாயும் அவருடைய எட்டு வயது மகனும் நூலகத்திற்குப் புறப்படுகிறார்கள். மார்சிலிங் பெருவிரைவு ரயில் நிலையத்தில் ஏறி, அடுத்த நிலையமான உட்லண்ட்சில் இறங்கிச் சற்று நடந்தால் உட்லண்ட்ஸ் வட்டார நூலகம் வந்துவிடும்.

தமிழ் நூல்கள் இருக்கும் பகுதிக்குச் சென்றதும், சிறுவன் ஒரு படக்கதை நூலை எடுக்கிறான். அட்டையில் குடை பிடித்துக்கொண்டு ஒரு யானை நிற்கிறது. அவன் முகத்தில் சிரிப்பு. தாய் அந்த நூலை வாங்கிப் புரட்டிப் பார்க்கிறார்.

“இது பாலர் பள்ளிப் பிள்ளைங்க படிக்கிற புத்தகம்டா. பக்கத்துக்கு ரெண்டு வரிதான் இருக்கு. நீ தொடக்கநிலை ரெண்டு படிக்கிற. இந்தா, இதை எடுத்துக்கோ. பரீட்சைக்கு உதவும்.”

யானை மீண்டும் அடுக்குக்குப் போய்விடுகிறது. தாய் தேர்ந்தெடுத்த நூல் வீட்டுக்கு வருகிறது. மேசைமீது சில வாரம் கிடக்கிறது. இரவல் நாள் முடிந்ததும், திறக்கப்படாமலேயே நூலகத்திற்குத் திரும்பிச் செல்கிறது.

அந்தத் தாயை நாம் குறைகூற முடியாது. விடுமுறை நாளில் மகனை நூலகத்திற்கு அழைத்துச் சென்றவர் அவர். மகன் நன்றாகத் தமிழ் படிக்க வேண்டும் என்ற அக்கறையும் அவருக்கு இருக்கிறது. ஆனால், அந்த ஒரு நிமிடத்தில் சிறுவன் கற்றுக்கொண்டது என்ன? ‘எனக்குப் பிடித்த நூல் நல்ல நூலாக இருக்காது. நல்ல நூல் எனக்குப் பிடிக்காது.’ இந்தப் பாடம் ஒருமுறை மனத்தில் பதிந்துவிட்டால், அதை அழிப்பது எளிதன்று.

பிள்ளைகள் தாங்கள் படிக்கும் நூலைத் தாங்களே தேர்ந்தெடுக்க வேண்டும். பெரியவர்கள் அதற்குத் துணை நிற்க வேண்டும். இதுவே என் கருத்து. தமிழ் நூல்களைப் பொறுத்தவரை, சிங்கப்பூரில் இது இன்னும் இன்றியமையாதது என்று நான் நினைக்கிறேன்.

வாசிப்புத்திறன் வேறு, வாசிப்பு ஆர்வம் வேறு. 2021ஆம் ஆண்டுக்கான அனைத்துலக வாசிப்புத்திறன் ஆய்வில், சிங்கப்பூரின் தொடக்கநிலை நான்கு மாணவர்கள் 587 புள்ளிகள் பெற்று உலகில் முதலிடம் பிடித்தார்கள். நாம் பெருமைப்பட வேண்டிய செய்தி அது. ஆனால், நம் மாணவர்கள் அந்தத் தேர்வை ஆங்கிலத்தில் எழுதினார்கள். அவர்கள் ஒரு தமிழ்க் கதையை எவ்வளவு ஆர்வத்துடன் படிப்பார்கள் என்பதற்கு அந்தப் புள்ளிகளில் விடை இல்லை.

வீடுகளில் பேசப்படும் மொழியும் மாறி வருகிறது. 2010ஆம் ஆண்டில், ஐந்து வயதும் அதற்கு மேலும் உள்ள சிங்கப்பூர்வாசிகளில் 32.3 விழுக்காட்டினர் வீட்டில் ஆங்கிலத்தையே மிகுதியாகப் பேசினார்கள். 2020ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இது 48.3 விழுக்காடாக உயர்ந்தது. தமிழை மிகுதியாகப் பேசுவோர் 2.5 விழுக்காட்டினர் மட்டுமே. நம் பிள்ளைகள் பலருக்கு, தாத்தா பாட்டியுடன் பேசும் சிறிது நேரமும் தமிழ் வகுப்புமே தமிழைக் கேட்கும் நேரங்களாக இருக்கின்றன. இந்நிலையில், கையில் இருக்கும் ஒரு தமிழ் நூல் அவர்களுக்குக் கூடுதலான ஒரு துணை. அந்தத் துணையைப் பரீட்சையின் பெயரால் நாம் விரட்டிவிடக் கூடாது.

நூலைத் தேர்ந்தெடுக்கும் உரிமையைப் பற்றிப் பேசும்போது, நூலகத் துறையின் முன்னோடியான ஒரு தமிழரை நினைவுகூர வேண்டும். சீ. இரா. அரங்கநாதன் 1892ஆம் ஆண்டு சீர்காழியில் பிறந்தவர். கணிதம் கற்பித்துக்கொண்டிருந்த அவர், 1924ஆம் ஆண்டு சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகர் ஆனார். 1931ஆம் ஆண்டு, நூலகங்களுக்கான ஐந்து விதிகளை விளக்கி அவர் எழுதிய நூல் வெளிவந்தது. உலகெங்கும் நூலகவியல் மாணவர்கள் இன்றும் அதைக் கற்கிறார்கள். அவற்றுள் இரண்டு விதிகள் நம் தலைப்போடு நேரடித் தொடர்புடையவை. படிக்க வரும் எவருக்கும் அவருக்கென்றே பொருந்துகிற நூல் ஒன்று கிடைக்க வேண்டும் என்பது ஒன்று. எந்த நூலும் தனக்குரிய வாசகரைச் சென்றடைய வேண்டும் என்பது மற்றொன்று.

இவ்விதிகளின்படி பார்த்தால், எல்லாருக்கும் பொதுவான ‘நல்ல நூல்’ என்று ஒன்றை மட்டும் சுட்டிக்காட்ட முடியாது. இந்தப் பிள்ளைக்கு, இந்த வயதில், இந்த நாளில் எந்த நூல் பொருந்தும் என்றுதான் கேட்க வேண்டும். குடை பிடித்த யானைக்கு உரிய வாசகன் அந்தச் சனிக்கிழமை நூலகத்திற்கு வந்திருந்தான். அவர்கள் இருவரையும் நாம்தான் பிரித்துவிட்டோம்.

அரங்கநாதனின் நூல் வெளிவந்த அதே 1931ஆம் ஆண்டில், தமிழ்நாட்டின் மன்னார்குடிப் பகுதியில் மாட்டுவண்டியில் நூல்களை ஏற்றிக்கொண்டு சிற்றூர்களுக்குச் செல்லும் நடமாடும் நூலகம் ஒன்று தொடங்கப்பட்டது. நம் நாட்டில் 2008ஆம் ஆண்டு முதல் ‘மோலி’ என்னும் பேருந்து பள்ளிகளுக்கும் இல்லங்களுக்கும் நூல்களைக் கொண்டு செல்கிறது. மாட்டுவண்டியானாலும் பேருந்தானாலும் நோக்கம் ஒன்றுதான்: நூலை வாசகரின் அருகில் கொண்டு சேர்ப்பது. ஆனால், அடுக்கிலிருந்து நூலைக் கையில் எடுக்கும் கடைசி வேலையை வாசகர்தான் செய்ய வேண்டும். அந்த வேலையை நாம் பிள்ளைக்காகச் செய்துவிட்டால், அவன் வாசகன் ஆவதில்லை.

இங்கே சிலர் ஒரு கேள்வி எழுப்பலாம். “பிள்ளைகளின் விருப்பத்திற்கே விட்டுவிட்டால், அவர்கள் சித்திரக்கதைகளையும் சிரிப்புக் கதைகளையும் மட்டும்தானே எடுப்பார்கள்? மொழி எப்படி வளரும்?” இது நியாயமான கவலைதான். இதற்கு என்னிடம் இரண்டு பதில்கள் உள்ளன.

முதலாவதாக, சித்திரக்கதையைத் தாழ்வாக எண்ண வேண்டியதில்லை. 1947ஆம் ஆண்டு வெளிவரத் தொடங்கிய ‘அம்புலிமாமா’ இதழை அதன் வண்ணப் படங்களுக்காகக் கையில் எடுத்த பிள்ளைகள் ஏராளம். படம் பார்க்க எடுத்தவர்கள் கதையையும் படித்தார்கள். உங்கள் தாத்தா பாட்டியிடம் கேட்டுப் பாருங்கள். வேதாளமும் விக்கிரமாதித்தனும் வரும் படத்தை அவர்களில் பலர் இன்னும் மறந்திருக்க மாட்டார்கள். சித்திரக்கதையில் இன்னொரு நன்மையும் உண்டு. அதில் வரும் உரையாடல்கள் நாம் பேசும் தமிழுக்கு நெருக்கமானவை. ஆகவே, பேச்சுத்தமிழிலிருந்து எழுத்துத்தமிழுக்குச் செல்லும் பிள்ளைக்கு அது நல்லதொரு பாலம்.

இரண்டாவதாக, தேர்ந்தெடுக்கும் உரிமை பிள்ளையுடையது என்றாலும் பெரியவர்களுக்கும் அதில் ஒரு பெரிய பங்கு இருக்கிறது. தேக்கா உணவங்காடிக்குச் செல்லும் ஒரு பிள்ளைக்கு இட்லியைத் தவிர வேறு எதுவும் தெரியாது என்று வைத்துக்கொள்வோம். “உனக்கு என்ன வேண்டும்?” என்று கேட்டால், அவன் “இட்லி” என்றுதான் சொல்வான். ஆப்பத்தையும் புட்டையும் அவனுக்குக் காட்டியிருந்தால்தானே அவற்றைக் கேட்பான்? நூல்களும் அப்படித்தான். விண்வெளியைப் பற்றித் தமிழில் ஒரு நூல் இருக்கிறது என்பதை அறியாத பிள்ளை அதை எப்படித் தேடுவான்? எனவே, பெரியவர்கள் ஐந்தாறு நூல்களை எடுத்து மேசையில் பரப்பி வைக்கலாம். ஒன்று விலங்குக் கதையாக இருக்கட்டும். ஒன்று அறிவியல் நூலாக இருக்கட்டும். ஒன்று துப்பறியும் கதையாகவோ பாடல் நூலாகவோ இருக்கட்டும். அவற்றிலிருந்து இரண்டைப் பிள்ளை எடுத்துக்கொள்ளட்டும். அத்துடன், தானாகத் தேடி எடுத்த ஒரு நூலும் அவன் பையில் இருக்கட்டும். அது யானைக் கதையாக இருந்தாலும் பரவாயில்லை.

நூல் பிள்ளைக்குப் பொருந்துமா என்பதை எப்படி அறிவது? ஆசிரியர்கள் பலர் பயன்படுத்தும் ‘ஐந்து விரல் முறை’ இதற்கு உதவும். நூலின் நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து பிள்ளையைப் படிக்கச் சொல்ல வேண்டும். பொருள் தெரியாத சொல் வரும்போதெல்லாம் அவன் ஒரு விரலை மடக்கட்டும். ஒரு விரல்கூட மடங்காவிட்டால் நூல் மிக எளிது. இரண்டு, மூன்று விரல்கள் மடங்கினால் பொருத்தமானது. பக்கம் முடிவதற்குள் ஐந்து விரல்களும் மடங்கினால், அந்த நூலைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம். அல்லது பெரியவர் ஒருவருடன் சேர்ந்து படிக்கலாம்.

தமிழ் நூலுக்கு இம்முறையைப் பயன்படுத்தும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். ‘நாய் ஓடிப்போயிருச்சு’ என்று வீட்டில் பேசும் பிள்ளை, நூலில் ‘நாய் ஓடிப்போய்விட்டது’ என்று கண்டால் சற்றுத் திகைப்பான். அது அவனுக்குத் தெரியாத சொல்லன்று. பழக்கமில்லாத வடிவம் மட்டுமே. அதை நாம் ஒருமுறை உரக்கப் படித்துக் காட்டினால், “ஓ, இதுதானா!” என்பான். ஆகவே, விரலை மடக்குவதற்கு முன்பு அந்த வரியை வாய்விட்டுப் படிக்கச் செய்ய வேண்டும். கண்ணுக்குப் புதிதாகத் தோன்றும் பல சொற்களைக் காது உடனே அடையாளம் கண்டுகொள்ளும். பெரியவர்கள் பிள்ளைகளுக்குத் தமிழ் நூல்களை உரக்கப் படித்துக்காட்ட வேண்டும் என்று நான் வலியுறுத்துவதற்கும் இதுவே காரணம்.

இனி, நூலைப் படித்து முடித்த பிறகு நடப்பதைப் பார்ப்போம். பிள்ளை கடைசிப் பக்கத்தை மூடியவுடன், “இந்தக் கதையின் நீதி என்ன? ஐந்து புதிய சொற்களை எழுது!” என்று நாம் கேட்டுவிடுகிறோம். வகுப்பறையில் அத்தகைய கேள்விகள் தேவை. நீங்கள் படிக்கும் இந்தப் பகுதியை ஒட்டியும் உங்கள் ஆசிரியர் கேள்விகள் கேட்பார். கருத்தறியும் திறன் அப்படித்தான் வளர்கிறது. ஆனால், விருப்பத்திற்காக வீட்டில் படிக்கும் ஒவ்வொரு நூலின் முடிவிலும் ஒரு பயிற்சித்தாள் காத்திருந்தால், அடுத்த நூலைத் தொட எந்தப் பிள்ளைக்குத்தான் மனம் வரும்? “உனக்கு எந்த இடம் பிடித்தது?” என்று கேட்டால் போதும். பிடிக்கவில்லை என்று சொன்னாலும், அந்தப் பதிலை மதிக்க வேண்டும்.

பிரெஞ்சு எழுத்தாளர் டேனியல் பென்னாக், 1992ஆம் ஆண்டு வெளியிட்ட ஒரு நூலில் வாசகர்களுக்குப் பத்து உரிமைகள் உண்டு என்று பட்டியலிட்டார். பக்கங்களைத் தாண்டிச் செல்வதும் நூலைப் பாதியில் நிறுத்திவிடுவதும்கூட அவற்றில் அடங்கும். அவர் ஓர் ஆசிரியராகவும் இருந்தவர் என்பது குறிப்பிடத்தக்கது. பாதியில் நிறுத்தும் உரிமை இருந்தால், புதிய நூலைத் தொடங்கும் துணிவும் வரும். பிடிக்காத நூலைக் கட்டாயமாக முடிக்க வேண்டும் என்றால், பிள்ளை புதிய நூலைத் தொடங்கவே தயங்குவான்.

இதுவரை சிறு பிள்ளைகளைப் பற்றிப் பேசினோம். உயர்நிலைப்பள்ளி மாணவர்களின் நிலை என்ன? இங்கே இன்னொரு சிக்கல் இருக்கிறது. உயர்நிலை இரண்டில் படிக்கும் ஒரு மாணவி ஆங்கிலத்தில் நானூறு பக்க நாவலை ஒரு வாரத்தில் முடித்துவிடலாம். அவள் தமிழில் சிரமமின்றிப் படிக்கக்கூடிய நூலை எடுத்தால், அதன் கதாநாயகன் ஒரு முயல்! அவள் வயதுக்கு ஏற்ற தமிழ் நாவலை எடுத்தாலோ, முதல் பக்கத்திலேயே ஐந்து விரல்களும் மடங்கிவிடுகின்றன. எளிய நூலைக் கையில் வைத்திருக்க வெட்கம். கடினமான நூலைப் படிக்க அச்சம். முடிவில், தமிழ் நூலே வேண்டாம் என்று அவள் ஒதுங்கிவிடுகிறாள்.

இந்த மாணவிக்கு நான் பரிந்துரைப்பவை சிங்கப்பூர் எழுத்தாளர்களின் சிறுகதைகள். மா. இளங்கண்ணன், இராம. கண்ணபிரான், நா. கோவிந்தசாமி ஆகியோர் இந்நாட்டு வாழ்க்கையைத் தம் கதைகளில் எழுதியிருக்கிறார்கள். சிறுகதை சில பக்கங்களில் முடிந்துவிடும். நமக்குத் தெரிந்த தெருக்களும் வீடுகளும் பழக்கங்களும் வருவதால், சில சொற்கள் புரியாவிட்டாலும் காட்சி மனக்கண்முன் விரியும். தமிழ்நாட்டுச் சிற்றூரின் வயல்வெளியை விளக்கும் பத்தியில் தடுமாறும் மாணவிக்கு, மின்தூக்கியும் உணவங்காடியும் வரும் பத்தி எளிதில் பிடிபடும். தமிழ்நாட்டு நூல்களை ஒதுக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. தெரிந்த இடத்தில் தொடங்கினால், தெரியாத இடத்திற்குச் செல்லும் துணிவு பிறக்கும் என்கிறேன்.

அந்நூல்களைத் தேடி அலையவும் வேண்டியதில்லை. அங் மோ கியோ பொது நூலகத்திலும் விக்டோரியா ஸ்திரீட்டில் உள்ள தேசிய நூலகக் கட்டடத்திலும் தமிழ் நூல்கள் மிகுதியாக உள்ளன. சிங்கப்பூர் தனது ஐம்பதாவது ஆண்டு நிறைவைக் கொண்டாடிய 2015ஆம் ஆண்டில், அந்த ஐம்பது ஆண்டுகளில் வெளிவந்த சிங்கப்பூர்த் தமிழ் இலக்கிய நூல்களுள் முந்நூறுக்கும் மேற்பட்டவை மின்வடிவம் பெற்றன. தொண்டூழியர்கள் பலரும் தேசிய நூலக வாரியமும் இணைந்து செய்த பணி அது. பெரியவர்கள் அவ்வளவு உழைத்து நூல்களைப் பாதுகாத்தது, அவை யாராவது ஒருவரால் படிக்கப்படும் என்ற நம்பிக்கையில்தான்.

சிங்கப்பூர்ப் பிள்ளைகளுக்காகவே எழுதியவர்களும் இருக்கிறார்கள். 2014ஆம் ஆண்டு கலாசாரப் பதக்கம் பெற்ற கவிஞர் க. து. மு. இக்பால், வானொலிக்காகச் சிறுவர் பாடல்கள் பலவற்றை எழுதியவர். ஆனாலும், பதின்ம வயதினருக்கென எளிய தமிழில், இந்நாட்டுச் சூழலில் எழுதப்பட்ட கதைகள் இன்னும் நிறைய தேவை என்பதே என் எண்ணம். அவற்றை எழுதப்போகிறவர் இன்று உங்கள் வகுப்பில்கூட அமர்ந்திருக்கலாம். ஆனால், படிக்கும் பழக்கம் இல்லாதவர் எழுத்தாளர் ஆவது அரிது.

இந்தக் கட்டுரையைப் படிக்கும் உங்களுக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளைகளுக்கு நூலைத் தேர்ந்தெடுக்க உதவுவது பெற்றோரின் வேலை மட்டும்தான் என்று எண்ணாதீர்கள். உங்கள் தம்பியோ தங்கையோ, பக்கத்து வீட்டுப் பிள்ளையோ, நீங்கள் சொல்வதை ஆவலுடன் கேட்பார்கள். பெரியவர்கள் ‘படி’ என்றால் அது கட்டளை. அண்ணனோ அக்காவோ ‘வா, படிக்கலாம்’ என்றால் அது விளையாட்டு. தேசிய நூலக வாரியத்தின் ‘கிட்ஸ்ரீட்’ திட்டம் 2004ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. வசதி குறைந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்குத் தொண்டூழியர்கள் அதன்வழி நூல்களைப் படித்துக்காட்டுகிறார்கள். அதே பணியை உங்கள் வீட்டுக் கூடத்திலும் செய்யலாம். ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் போதும். அதில் உங்களுக்கும் ஆதாயம் உண்டு. எளிய தமிழ் நூலைக் கையில் வைத்திருக்க வெட்கப்படும் உயர்நிலை மாணவர், தம்பிக்காகப் படிக்கும்போது வெட்கப்பட வேண்டியதில்லை அல்லவா? சிறு துளி பெருவெள்ளம் ஆவதுபோல, தம்பிக்காகப் படிக்கும் வரிகள் உங்கள் தமிழையும் வளர்க்கும்.

இப்போது மீண்டும் அந்தச் சனிக்கிழமைக்குச் செல்வோம். இம்முறை தாயுடன் உயர்நிலையில் படிக்கும் அக்காவும் வந்திருக்கிறாள். தம்பி குடை பிடித்த யானையை எடுக்கிறான். “இதுவா? எனக்கும் படிச்சுக் காட்டு” என்கிறாள் அக்கா. தாயும் சிரித்துக்கொண்டே அந்த நூலைப் பையில் போடுகிறார். தாம் எடுத்து வைத்த அறிவியல் நூலையும் காட்டுகிறார். தம்பி சற்று யோசித்து, “சரி, அதையும் எடுத்துக்கலாம்” என்கிறான்.

ரயிலில் தம்பி யானைக் கதையை எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்குகிறான். உட்லண்ட்சிலிருந்து மார்சிலிங்கிற்கு ஒரே ஒரு நிலையம்தான். கதவு திறந்துவிடுகிறது. யானையின் குடையைக் காற்று பறித்துக்கொண்டு போகும் இடத்தில் கதை நிற்கிறது. மூவரும் இறங்குகிறார்கள். வீட்டுக்குப் போக அவசரமில்லை. நிலையத்தின் இருக்கையில் உட்கார்ந்து, தம்பி அடுத்த பக்கத்தைப் புரட்டுகிறான்.